தண்ணிக்குள்ள போட்டிடாதீங்க

மகன்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அழைத்தபோது, ஆவணியில் நடக்கப்போகிற உன் கலியாணத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தோம். மண்டபம், உடுப்பு, கதிரவெளியில் இருந்து பெண் வீட்டாரை ஏற்றிவர எத்தனை வேன் என்று எல்லாம் முடிந்து, வைக்கப்போகிற நேரத்தில்தான் நீ அதைச் சொன்னாய். "அம்மா, கொக்கட்டிச்சோலைக்கு அங்கால ஒரு பெட்டி ஒளிச்சு வெச்ச நான். அத மூடப் போறன்." எந்தப் பெட்டி என்று கேட்டேன். அவுஸ்திரேலியாவுக்கும் தன்னாமுனைக்கும் இடையில் தொலைபேசியில் வழக்கமாக வரும் இடைவெளியை விடக் கொஞ்சம் நீளமான ஓர் இடைவெளி வந்தது. பிறகு நீ சிரித்துக்கொண்டே விளக்கினாய். ஆறு வருடத்துக்கு முதல், கெம்பஸில் படிக்கும்போது வைத்தது. உலகம் முழுக்க ஆட்கள் இப்படிப் பெட்டிகளை ஒளித்துவைக்கிறார்கள். ஒளித்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் போடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் அந்த இலக்கங்களைப் பிடித்துக்கொண்டு வந்து தேடி எடுத்து, உள்ளே இருக்கும் சின்னப் புத்தகத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, இருந்தது இருந்தபடி வைத்துவிட்டுப் போகிறார். ஜியோகேஷ் என்று பெயர். உன்னுடைய பெட்டி அதிலும் அரிய வகையாம். ஆறு வருடமாக ஒருவரும் கண்டெடுக்கவில்லை. போன வருடம் ஒரு வெள்ளைக்காரர் அதற்காகவே வந்து தேடிவிட்டு, 'காணவில்லை' என்று எழுதிவிட்டாராம். பெட்டி இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாதத்துக்குள் பார்த்துச் சொல், இல்லாவிட்டால் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவோம் என்று இணையத்தில் அதைக் கவனிப்பவர்கள் உனக்கு எழுதியிருக்கிறார்கள். "நான் இஞ்சரிந்து எப்பிடிப் போய்ப் பாக்கிற? விடுங்கம்மா. சின்னப்பிள்ளை விளையாட்டுத்தானே" என்றாய்.

அந்தக் கடைசி வசனம் உன்னுடையது இல்லை, மகன். அது என்னுடையது. உனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது குசினிக்குள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, நீ அப்பாவின் புதுக் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து இதே விளையாட்டைத்தான் விளக்கினாய். நான் நிமிர்ந்தும் பார்க்காமல், சின்னப்பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டுப் போய்ப் படி, ஓ.எல். சோதனை வருகிறது என்றேன். புவியியல் படிப்பிக்கிற ரீச்சர் நான். கரும்பலகையில் அகலக்கோடும் நெடுங்கோடும் கீறிக் கீறிக் கை வெளுத்தவள். அந்த இரண்டு கோடுகளும் உண்மையாகவே வெட்டிக்கொள்கிற ஓர் இடத்துக்குப் போய் நிற்கலாம் என்று என் மகன் வந்து சொல்கிறான், எனக்கோ தேங்காய்ப்பூதான் முக்கியமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்குச் சொன்னதே இல்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான். என்னுடைய சோத்துப்பெட்டி, அந்த நீல மூடிப் பெட்டி, ஒரு நாள் காணாமல் போனது. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுச் செல்வராணி ஆட்டைத் தேடி வாவிக்கரைக்குப் போனவள், ஓட்டமும் நடையுமாக வந்து என் காதுக்குள் சொன்னாள்: தாழைக்குள்ள ஒரு பெட்டி கிடக்கு ரீச்சர், கறுப்பு டேப் சுத்தி. அவள் அதைச் சத்தம்போட்டுச் சொல்லவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். எங்கள் வயதுக்காரருக்குப் பற்றைக்குள் டேப் சுற்றிக் கிடக்கிற பெட்டிக்கு ஓர் அர்த்தம்தான். அதைச் சத்தம்போட்டுச் சொல்ல மாட்டோம். செல்வராணி, அவளுடைய தங்கச்சி, நான், மூன்று பேரும் போனோம். ஐந்து பாகம், முப்பது அடி தள்ளி நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மூலையில் டேப் கழன்று நீலம் தெரிந்தது. நான் மூன்று வருடம் சோறு கட்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோன பெட்டி எனக்குத் தெரியாதா? அது என்ட சோத்துப்பெட்டி என்று சொல்லிச் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் செல்வராணியின் தங்கச்சி, பொலிசுக்குச் சொல்லுவோம் என்று சொல்லிவிட்டாள். வருவார்கள், யாருடையது என்று கேட்பார்கள், பதினைந்து வயதுப் பொடியன் ஒருவனின் பெயரை ஒரு தாளில் எழுதுவார்கள். அந்தத் தாள் பிறகு எங்கே போகும் என்று யோசிக்கப் பழகிப்போன காலத்தில் வளர்ந்தவள் நான். சண்டை முடிந்து ஐந்து வருடமாகியும் அந்தப் பழக்கம் முடியவில்லை. தோணி தள்ளும் கம்பு ஒன்று கரையில் கிடந்தது. அதால் பெட்டியைத் தள்ளித் தள்ளி வாவிக்குள் விட்டேன். அது தாழவில்லை, மகன். நீ அவ்வளவு நன்றாக அடைத்திருந்தாய். ஒரு நீர்க்காகம் போல மிதந்துகொண்டே நின்றது. மூன்று தரம் கம்பால் தள்ளின பிறகுதான் காற்று அதைப் பிடித்துக்கொண்டு போனது. ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டேன். நீ இரண்டு நாள் அந்தத் தாழைக்குள் தேடினாய். கால் முழுக்க முள் கிழித்துக்கொண்டு வந்தாய். நான் மருந்து போட்டுவிட்டு, "ஆரும் எடுத்திருப்பாங்க" என்றேன். நீ "ம்ம்" என்றாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகவே நீ 'சின்னப்பிள்ளை விளையாட்டு' என்று சொன்ன அன்றே நான் தீர்மானித்துவிட்டேன். உன் ஒரு பெட்டியை நான்தான் தொலைத்தேன், இரண்டாவதைத் தேடியும் பார்க்காமல் தொலைய விடுவதில்லை என்று. அப்பாவிடம் சொன்னபோது அவர் பத்திரிகைக்கு மேலால் பார்த்து, அவன் ஒளித்துவைத்ததைத் தேடி நீ வயல் வட்டைக்குள் போகப் போகிறாய், இந்த வீட்டில் நான் ஒளித்துவைக்கிற கண்ணாடியை ஒரு நாளாவது தேடித் தந்தாயா என்று கேட்டார். நான் அவரை விட்டுவிட்டு றினோசா ரீச்சரைப் பிடித்தேன். உனக்குக் கணிதம் படிப்பித்த அதே றினோசாதான். அவளிடம் ஸ்கூட்டி இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக எதையும் ஏன் என்று கேட்காத குணம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஏறாவூரில் இருந்து வந்து என்னை ஏற்றினாள். என் பையில் புட்டு, தண்ணீர், இரண்டு குடை, புதுக் கொப்பி ஒன்று, பேனா இரண்டு. உன் அந்த இணையப் பக்கத்தில் இருந்த இலக்கங்களை முதல் நாளே கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருந்தேன்.

மண்முனைப் பாலத்தைத் தாண்டி, கொக்கட்டிச்சோலையில் கோயிலடித் தேத்தண்ணிக் கடையில் நின்றோம். அந்த இடத்தில் நின்றால் எனக்கு எப்போதும் ஒரு ஞாபகம்தான் வரும். உனக்கு ஆறு வயது. தேர்த் திருவிழாச் சனத்துக்குள் என் கையை விட்டுவிட்டாய். துலைஞ்சா நிண்ட இடத்திலயே நில்லு, நான் வருவன் என்று உனக்கு முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு மணித்தியாலம் நான் பைத்தியக்காரி மாதிரி ஓடித் திரிந்து வந்து பார்த்தால், நீ கச்சான்கடலை விற்கிறவருக்குப் பக்கத்தில், அவர் தந்த கச்சானைத் தின்றுகொண்டு, அசையாமல் நிற்கிறாய். பயந்து போனாயா என்று கேட்டதற்கு, "அம்மா வருவாதானே" என்றாய். அந்த நம்பிக்கையை நான் எப்போது செலவழித்து முடித்தேன் என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் றினோசா கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, இன்னும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் காட்டுக்குள் போகச் சொல்கிறதே ரீச்சர் என்றாள். அவள் உன் பக்கத்தையும் நான் பதிந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, தேத்தண்ணிக் கடைக்காரருக்குக் கேட்காத குரலில், "கலைய அறுவதால பிரிக்கல்லையா ரீச்சர்?" என்றாள். ஒரு பாகைக்கு அறுபது கலை. முப்பத்தாறரைக் கலையை நான் அப்படியே புள்ளிக்குப் பின்னால் போட்டிருக்கிறேன். வருடா வருடம் பரீட்சைத்தாளில் பிள்ளைகள் விடுகிற, நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிற அதே பிழை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். திங்கட்கிழமை முதலாம் பாடம் முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திருத்திப் பதிந்தால் பெட்டி ஐந்து கிலோமீற்றருக்குள்ளேயே இருந்தது. வாய்க்கால் வரம்பு ஓரம் போகும் வரைக்கும் ஸ்கூட்டியில் போய், அதற்கு மேல் நடந்தோம். அறுவடை முடிந்த வட்டை. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் வெட்டின தாள், வைக்கோல், அதற்குள் வெள்ளைக் கொக்குகள். யானை வருகிற பக்கம், பத்து மணிக்குப் பிறகு பயமில்லை என்று தேத்தண்ணிக் கடைக்காரர் சொல்லியிருந்தார்; அதை யானைகளும் கேட்டிருக்க வேண்டும் என்று றினோசா துவா செய்துகொண்டே நடந்தாள். நீ எழுதியிருந்த குறிப்பு எனக்கு மனப்பாடம். மூன்று பாறை, நடுப் பாறைக்கும் மருத மரத்துக்கும் இடையில், முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து. எல்லாம் நீ சொன்னபடியே இருந்தது. கைத்தொலைபேசி மூன்று மீற்றர் என்றது, பிறகு இரண்டு என்றது. பொந்துக்குள் குடைக்காம்பை விட்டுப் பாம்பு இல்லை என்று பார்த்துவிட்டுக் கையை விட்டேன். சருகு, ஓணான் முட்டைக் கோது, ஒரு பீங்கான் துண்டு. பெட்டி இல்லை. மூன்று பாறையையும் சுற்றி, ஏறி, குனிந்து, ஒரு மணித்தியாலம் தேடினோம். இல்லை. நான் நடுப் பாறையில் குந்தினேன். வெள்ளைக்காரர் எழுதினதையே நானும் எழுத வேண்டியதுதான். உனக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது என் வாயில் வந்த வசனம் எது தெரியுமா? ஆரும் எடுத்திருப்பாங்க. அந்த வசனத்தை இன்னொரு தரம் உனக்குச் சொல்ல என்னால் முடியாது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. றினோசா பார்க்காத மாதிரி புட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. பாறைக்கு எதிரே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், ஓலைக் கூரை போட்ட ஒரு வாடி. வயலுக்குக் காவல் இருக்கிறவர்கள் தங்குகிற குடில். அதன் வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி, தலையில் துவாய், கையில் மண்வெட்டி. பாறைப் பக்கம் நடந்து வந்து, என்ன தேடுகிறோம் என்று கேட்டாள். பெட்டி என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"ஆருட பெட்டி?"

"என்ட மகன்ட."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப போன்ல ஏசின பொம்புள நீங்கதானா?"

அவளுடைய பெயர் பாக்கியம். நாலு ஏக்கர் வெள்ளாமையைத் தனியாகச் செய்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் குரங்குகள் பொந்துக்குள் இருந்து ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தனவாம். எடுத்துப் பார்த்தால் மூடியில் ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு எடுத்தாளாம். ஒரு பெண் பேசினாள். உங்களுக்கு ஒரு பெட்டி கிடக்கிறது என்று பாக்கியம் சொன்னதும், எனக்கு ஒரு பெட்டியும் வேண்டாம், இனி எடுத்தால் பொலிசுக்குச் சொல்லுவேன் என்று கத்திவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாளாம். மகன், எனக்கு அந்த அழைப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்று ஓர் ஏமாற்றுக்காரியை நன்றாக விளாசினேன் என்று உனக்கும் அப்பாவுக்கும் இராச்சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னேனே, நீ தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாயே, அது இவள்தான்.

பாக்கியம் எங்களை வாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கூரை வளைக்குள் செருகியிருந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் பெட்டி, அதைச் சுற்றி உரப்பையில் வெட்டின துண்டு. மூடியில் மூன்று பாஷையிலும் உன் எழுத்து. றினோசா சத்தமாக வாசித்தாள்: "இது குண்டு இல்லை. விளையாட்டுப் பெட்டி. பயமாக இருந்தால் தண்ணிக்குள்ள போட்டிடாதீங்க. என்ட அம்மாவுக்கு எடுங்க." கீழே என் இலக்கம். தண்ணிக்குள் ஏன் போட வேண்டும் ரீச்சர் என்று றினோசா கேட்டாள். எதையும் ஏன் என்று கேட்காதவள் அன்றைக்கென்று பார்த்துக் கேட்டாள். உனக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள்? செல்வராணியா, அவளுடைய தங்கச்சியா, அல்லது நீயே எங்கேயாவது மறைந்து நின்று உன் அம்மா கம்பால் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? தெரிந்தும் இரண்டு நாள் தேடினாயா? தெரிந்தும் ஐந்து வருடம் கழித்து, பயமாக இருந்தால் இவவுக்கு எடுங்கள் என்று என் இலக்கத்தையே எழுதினாயா? கோபத்தில் எழுதினாயா, பகிடிக்கு எழுதினாயா என்று அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். கடைசியில் அங்கேயே, வாடி வாசலில், அந்தத் தாழம்பற்றைக் கதையை முதல் தரமாக வாய் திறந்து சொன்னேன். பாக்கியம் கேட்டுவிட்டு மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப அந்தப் பெட்டிய எறிஞ்சதும் நீங்க, இந்தப் பெட்டிக்கு ஏசினதும் நீங்க. அவன் என்னகா செய்வான் பாவம்."

பிறகு பெட்டியை என் கையில் தந்தாள். திறந்தேன். உள்ளே, கொப்பிக்கு மேலே, என் சுட்டுவிரல் நீளத்தில், தடித்த கடதாசி சுற்றி, நுனியில் திரி வைத்த ஒன்று கிடந்தது. மகன், உண்மையாகவே வெடி. யானை வெடி. யானையைக் கலைக்க வயல்காரருக்குக் கொடுக்கிற அதே வெடி. நாலடியில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கை ஒரு சாண் அந்தப் பக்கம் போனது. றினோசா என் முழங்கையைப் பிடிக்கவில்லை, கண்ணால் மூடியைக் காட்டினாள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக இருந்தேன். பாக்கியம் அவசரமே இல்லாமல் அந்த வெடியை எடுத்துத் வெற்றிலை வைக்கிற தன் கொட்டப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு விளக்கம் சொன்னாள். ஒரு சாமானை எடுத்தால் அதை விடப் பெறுமதியான ஒன்றை வைக்க வேண்டும் என்று நீதானே எழுதி வைத்திருக்கிறாய்? யாரோ நீ உள்ளே வைத்திருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, இந்த வட்டையில் அதை விடப் பெறுமதியானது எதுவோ அதை வைத்திருக்கிறார். ஒரு கொம்பன் வருகிற இரவில் அதற்கு எவ்வளவு பெறுமதி என்று உங்களுக்குத் தெரியாது ரீச்சர் என்றாள். 'இது குண்டு இல்லை' என்று மூடியில் எழுதின பெட்டிக்குள்.

அதற்கும் கீழேதான் கொப்பி இருந்தது. ஆறு வருடமாக ஒருவரும் கண்டெடுக்காத பெட்டி என்றாய் அல்லவா? முதல் பக்கத்தில் உன் எழுத்து: கண்டவர் பெயரும் திகதியும் எழுதவும். அதற்குக் கீழே பாக்கியம் என்று பெரிய எழுத்தில். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் பெயர்கள். எழுதச் சொல்லி இருக்கிறது, எழுதாமல் விட்டால் குற்றம் என்று பாக்கியம் வாடிக்கு வந்த எல்லோரையும் எழுத வைத்திருக்கிறாள். களை எடுக்க வந்தவர்கள், வெட்டு மிஷின் ஓட்ட ஓட்டமாவடியில் இருந்து வந்த பொடியன், யானைக் காவலுக்கு வந்தவர்கள். பெயரோடு அவரவருக்குத் தோன்றினதும் இருந்தது. 'மழை காணாது.' 'இண்டைக்கு ஏழு யானை, ஒண்டு கொம்பன்.' 'மகளுக்குக் கெம்பஸ் கிடைச்சிருக்கு.' எழுதத் தெரியாத ஒருவர் சேற்றில் பெருவிரலைத் தோய்த்து அழுத்தியிருக்கிறார். ரேகை அவ்வளவு தெளிவு. றினோசா எண்ணினாள், எழுபத்துமூன்று பேர். ஒருவருக்கும் அந்த இணையத்தைத் தெரியாது, அவ்வளவுதான். வெள்ளைக்காரர் வந்ததும் பாக்கியத்துக்கு ஞாபகம் இருந்தது. பாறையில் ஏறி இறங்கிக் களைத்துப்போய் வந்தவருக்கு வாடிக்குள் இருத்தித் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். கையால் என்னவோ சதுரம் சதுரமாகக் காட்டினாராம். வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தாளாம். பெட்டி அவருடைய தலைக்கு நேர் மேலே கூரைக்குள் இருந்திருக்கிறது.

கொப்பியில் கடைசி இரண்டு வரிக்குத்தான் இடம் இருந்தது. றினோசா ஒன்றில் எழுதினாள். மற்றதில் நான் என் பெயரை எழுதி, நீ சொன்னபடி திகதியும் போட்டேன். என் புதுக் கொப்பியை உள்ளே வைத்தேன். பெட்டியைப் பொந்துக்குள் திரும்ப வைப்பதுதான் முறை என்று றினோசா சொல்ல, பாக்கியம் ஒண்ணா, முடியாது என்றுவிட்டாள். குரங்கு எடுக்கும், மழை நனைக்கும், இது எங்களுடைய ஆட்களின் பெயர் இருக்கிற புத்தகம் என்றாள். எனக்கு அவளோடு வாதாட மனம் வரவில்லை. றினோசா பாறையில் இருந்து வாடி வரைக்கும் கவடு வைத்து அளந்தாள். நூற்றிப் பதினெட்டுக் கவடு. கிட்டத்தில் என்றால் இடத்தை மாற்றிப் பதியலாம் என்று உன் பக்கத்தில் எழுதியிருந்ததை நான் வாசித்திருந்தேன். ஆகவே பெட்டியை மூடாதே. இடத்தை மாற்று. புது இலக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். கலையை அறுபதால் பிரித்துச் சரிபார்த்தது றினோசா, நான் இல்லை. குறிப்பில், 'தண்ணீர் கேட்டால் பாக்கியம் தருவா, மேலே பாருங்கள்' என்று எழுது.

கலியாணம் செய்யப்போகிற மகனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிய புத்தி இல்லை. நான் பயத்தில் ஒரு காரியம் செய்தேன், அதை உன் நன்மைக்குச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன். நீ அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாய். அந்த 'ம்ம்' எனக்குப் பிறந்த பிள்ளையின் 'ம்ம்'தான், எங்கிருந்து படித்தாய் என்று நான் வேறு யாரையும் கேட்க முடியாது. நாளைக்கு அந்தக் கதிரவெளிப் பிள்ளையும் ஏதாவது ஒன்றை உனக்குத் தெரியாமல் தண்ணிக்குள் தள்ளுவாள், நீயும் தள்ளுவாய். கலியாணம் என்றால் அது நடக்கும். அப்போது பெட்டி மூடியில் எழுதி வைக்காமல் அவளிடம் நேரே கேள். கோபமாக இருந்தால் கோபமாகவே கேள். ஏசினாலும் பரவாயில்லை, ஏச்சு வாங்கின பாக்கியம்தான் பெட்டியை ஐந்து வருடம் நனையாமல் வைத்திருந்தாள். ஆவணியில் வரும்போது அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வட்டைக்கு வர வேண்டும் என்பது பாக்கியத்தின் கட்டளை. இருவரும் புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வேண்டுமாம். அந்தப் பக்கத்தை ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்று. திரும்பி வரும் வழியில் காத்தான்குடியில் நிறுத்தி மூன்று கடை ஏறி இறங்கி ஒரு சோத்துப்பெட்டி வாங்கினேன், நீல மூடி. தாழம்பற்றை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. செல்வராணியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ஆவணியில் அங்கே ஒரு பெட்டி கிடக்கும், அது எங்கள் வீட்டுப் பெட்டி என்று. இந்த முறை சத்தமாகவே சொன்னேன். அவளுடைய ஆடுகளுக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் அந்தப் பழைய பெட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அது தாழவில்லை என்று சொன்னேன் அல்லவா. வாவியில் எங்கேயாவது கரை ஒதுங்கியிருக்கும். யாராவது டேப்பைப் பிரித்துத் திறந்திருப்பார்கள். அப்படியென்றால் உள்ளே என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அதைத் தள்ளிவிட்ட எனக்கு மட்டும் தெரியாது. பதினொரு வருடமாக நான் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ எடுக்கும்போது மண்டபத்தையும் வேனையும் பிறகு பார்ப்போம். என் சோத்துப்பெட்டிக்குள் என்ன வைத்தாய் என்று முதலில் சொல்லு, மனே.

அம்மா